ஐந்தாவது பாட்டில் வரும் மாடு

அக்கா பாட்டுக் கேட்பதைப் பார்த்தால் நண்டு வாங்குவது போலவே இருக்கும். கூடையில் மேலே இருக்கும் நண்டை அவள் தொடவே மாட்டாள். கையை அடிவரை விட்டு ஒன்றை இழுத்தெடுத்து, வயிற்றுப் பக்கம் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். ஓடு உள்ளே போனால் அது தண்ணி நண்டு. ஓடு மாற்றிச் சில நாட்களே ஆகி, உள்ளே சதை பிடிக்காமல் வெறும் நீராக இருப்பது. பார்க்க லட்சணமாக இருக்கும், குழம்பில் போட்டால் ஏமாற்றம்தான். புதிதாக ஓர் ஆல்பம் கண்ணில் பட்டாலும் அக்காவிடம் இதே சோதனைதான். முதல் பாட்டைக் கேட்க மாட்டாள். "மொதோ பாட்டு கூடைக்கு மேல வெக்கிற நண்டு நைனா. எவனா இருந்தாலும் நல்லதா பாத்துதான் வெப்பான்" என்பாள். நேராகக் கடைசிக்கு முந்தின பாட்டுக்குப் போவாள். கண்ணை மூடி, பெருவிரலை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு அரை நிமிடம் கேட்பாள். பிறகு தீர்ப்பு வரும். பெரும்பாலும் "தண்ணி நண்டு" என்றுதான் வரும்.

பழவேற்காட்டு ஏரியில் படகுகள் வந்து சேரும் ஒரு கரையில் அக்கா நண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கையால் தடவி நண்டு பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் நிறுத்து, கால்களைக் கயிற்றால் கட்டி, கம்பெனி வண்டிக்கு ஏற்றிவிடுவாள். அவளுடைய தராசுக்கு நேர் எதிரே என் செல்போன் கடை. ரீசார்ஜ், உடைந்த டிஸ்ப்ளே, ஏரியில் விழுந்த போனை உலர்த்துவது. அந்த ஊரில் மூன்றாவதுதான் பெரிய தொழில். எனக்கும் இசைக்கும் உள்ள உறவு, கேட்பவர்களுக்கு ரிங்டோன் வைத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட என்னை அந்த அம்மாள் சில வருடங்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

எல்லாம் ஒரு விளம்பரத்தில் ஆரம்பித்தது. அக்காவுக்கு நான் விற்ற போனில் பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்று இருந்தது. சினிமாப் பாட்டைத் தொட்டால் முதலில் பற்பசை வரும், பிறகு பெயின்ட் வரும், அதற்குப் பிறகுதான் பாட்டு. கடுப்பாகிக் கண்டபடி தட்டியதில் எங்கோ போய், யாரோ ஒருவன் கிடாரோடு அழுதுகொண்டிருக்கும் பாட்டு ஒன்று நேரடியாக ஓடத் தொடங்கியது. போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இதுக்கு மட்டும் ஏன்பா வெளம்பரம் வர்ல?"

"யாரும் கேக்கறதில்லக்கா. கேக்காத பாட்டுக்கு எவன் வெளம்பரம் குடுப்பான்?"

"யாருமே கேக்கறதில்லியா?"

"கீழ பாரு. இதுவரைக்கும் பதினோரு பேரு."

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. "அப்ப இது என்துதான்" என்றாள். நெரிசலான பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தவள் மாதிரி இருந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் கேட்காதவர்களைத் தேடித் தேடிக் கேட்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. எந்தெந்த நாட்டிலோ வீட்டு மாடியிலும் கார் ஷெட்டிலும் உட்கார்ந்து பாடுகிறவர்கள், சொந்த அம்மாவே கேட்காத ராக் குழுக்கள், வாயில் வைத்து ஊதும் ஏதோ ஒன்றோடு நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் கிழவர்கள். மொழி ஒன்றும் தெரியாது. "நண்டு மட்டும் எங்கிட்ட பேசிகினா வருது?" என்பாள். பாட்டுக்குக் கீழே காட்டும் எண் சின்னதாக இருக்கும்வரை அது புது மீன். எண் ஏறினால் ஐஸ் மீன். ஆயிரத்தைத் தாண்டினால் கருவாடு, கையாலும் தொடமாட்டாள்.

வடகிழக்கு மலைப் பக்கத்து நான்கு பையன்கள் சேர்ந்த ஒரு ராக் குழுவை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன் மட்டும் வேறேதோ பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். அதுதான் அழகு என்றாள். ஒருநாள் அவர்களுடைய பாட்டு ஒரு பைக் விளம்பரத்தில் வந்தது. ஒரே வாரத்தில் எண் லட்சத்துக்குப் போய்விட்டது. அக்கா அன்று நண்டே எடுக்கவில்லை. விசாரிக்கப் போனவர்களிடம், "நல்ல பசங்கப்பா. கெட்டுப்பூட்டாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டவர்கள் சொந்தக்காரப் பையன்கள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டதாக நினைத்து, எந்த ஸ்டேஷன் என்று கேட்டார்கள்.

இயர்போன் அவளுக்கு நிலைக்காது. நண்டுக்கு அந்த ஒயர் மேல் என்ன ஆசையோ, கட்டுவதற்குள் ஒரு கொடுக்கு வந்து வெட்டிவிடும். அதனால் காலியான தெர்மாகோல் பெட்டிக்குள் போனை வைத்து, தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு கேட்பாள். அதில் இன்னொரு வசதி, வெளியே யாருக்கும் சரியாகக் கேட்காது. யாராவது நின்று தலையை ஆட்டிவிட்டால் உடனே நிறுத்திவிடுவாள். "இன்னா ஆட்ற? உனுக்கா போட்டேன்?"

அப்படி வந்து சேர்ந்ததுதான் மாட்டுக்காரன் ஆல்பம். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் என் வாயில் நுழையாது. எங்கோ குளிர் நாட்டில் ஒருவன். அவனுக்குக் கிடார், அவன் தங்கைக்கு ஒரு துருத்திப் பெட்டி. இரண்டு பேரும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து ஒன்பது பாட்டுப் பாடியிருந்தார்கள். ஐந்தாவது பாட்டின் நடுவே ஒரு மாடு கத்தும். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என்னை முறைத்தாள்.

"சிரிக்காத. நல்லா கேளு. மாடு கத்துதா? அவன் நிறுத்திட்டான் பாரு. அது கத்தி முடிக்கிறவரைக்கும் வழி வுட்டு நிக்கிறான். அப்பறமா மெதுவா பாடறான். அந்த நிக்கிறான் பாரு, அதான்பா பாட்டு."

இன்னொரு முறை கேட்கச் சொன்னாள். கேட்டேன். மாடு கத்திய பிறகு வரும் அந்த அமைதி கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் என் கையில் மயிர் சிலிர்த்தது. பெட்டியிலிருந்து தலையை எடுத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பிடித்துப்போன ஆல்பம் அவளுக்கு வேறு கிடையாது.

அதை ஊர் எடுத்துக்கொண்டது. காரணம் அவளுடைய வீட்டுக்காரர், எனக்கு மாமா முறை. வாய் திறக்காத மனிதர். தன் டார்ச் எரியவில்லை என்று விடியற்காலையில் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு படகேறிவிட்டார். ஏரி நடுவில், பூட்டிய திரையிலேயே டார்ச் போடுவதாக நினைத்து எதையோ தொட, மாட்டுக்காரன் பாட ஆரம்பித்துவிட்டான். நிறுத்தத் தெரியவில்லை. பேட்டரி தீரும்வரை ஒன்பது பாட்டும் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. அன்று மாமா வலையில் வெள்ளை இறால் தூக்கமுடியாத அளவுக்கு விழுந்தது. பக்கத்து வலைகளில் நண்டுக் குஞ்சுகூட இல்லை.

மற்ற ஊர்களில் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இந்த ஏரியில் அதிர்ஷ்டத்துக்கும் முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நல்ல இடம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, முறைபோட்டு எல்லோருக்கும் வரும். இறால் கொண்டுவருகிற பாட்டு மட்டும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக எப்படி இருக்கலாம்? ஊர்ச்சபை கூடிவிட்டது.

ஊர்ச்சபையில் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. ஆனால் போன் அக்காவின் விரலுக்குத்தான் திறக்கும். நண்டுக் கயிறு இழுத்து இழுத்து அவளுக்குக் கைரேகையெல்லாம் தேய்ந்துபோய், இடது மோதிரவிரல் ஒன்றைத்தான் அந்தப் போன் அடையாளம் கண்டது. பூட்டுத் திறக்கும் நம்பரைச் சொல் என்றார்கள். மறந்துவிட்டது என்றாள். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சபை நடுவில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட்டார்கள். உள்ளதைச் சொன்னால், அவளுடைய மோதிரவிரலுக்குத்தான் போட்டார்கள். திரை அணையும்போதெல்லாம் தலைவர், "தே, வெரலு" என்பார். அக்கா நீட்டுவாள்.

ஒன்பது பாட்டையும் சபை கேட்டது. பெரியவர்கள் ஆலோசித்து, இறாலை இழுப்பது மாடுதான் என்று முடிவு செய்தார்கள். ஆள் பாடுவதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. இனி ஆல்பம் ஊர்ப் பொது. முறை வரும் படகு மட்டும் ஏரியில் போடலாம். வெளியூருக்குக் கொடுத்தால் அபராதம். முறைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு பையனை விட்டு இன்னொரு போனில் அங்கேயே பதிவு செய்தார்கள். நான்காவது பாட்டில் தலைவர் இருமியது அதில் தெளிவாக விழுந்துவிட்டது.

ஒரு வாரத்தில் கரை முழுக்க மாடு கத்தியது. ஐந்தாவது பாட்டுக்கு நேராகத் தாவி, மாடு கத்தும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ரிங்டோனாக வைத்துத் தரச்சொல்லி என் கடைக்கு வந்தார்கள். வைத்துத் தந்தேன், பிழைப்பு. அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நண்டு கட்டினாள். "அந்த நிக்கிறத வெட்டிட்டானுங்கப்பா" என்று ஒருமுறை சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுக்காரன் தன் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தான். அக்கா போனை நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துத் தமிழில் சொன்னேன். இந்த ஆல்பத்தையும் இருபது பேர்தான் கேட்டிருக்கிறார்கள். இதோடு போதும். மாதக் கடைசியில் கிடாரை விற்றுவிட்டு மரம் அறுக்கும் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். கேட்ட இருபது பேருக்கும் நன்றி.

"இருவதா? இங்க இத்தினி பேரு கேட்டுகினு கீறாங்களே?"

"எல்லாம் காப்பி எடுத்ததுக்கா. அவன் பக்கத்துல போயி போட்டாதான் அவனுக்குத் தெரியும். காப்பில கேட்டா கணக்குல வராது."

அக்கா தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியதென்று எனக்குத் தெரியும். அவன் பாடாமல் போய்விடக் கூடாது. அதற்கு எண் ஏறவேண்டும். எண் ஏறினால் அந்தப் பாட்டு அவளுக்கு இல்லை, அவள் சட்டப்படி கருவாடு. இரண்டில் ஒன்றைத்தான் அவள் வைத்துக்கொள்ள முடியும்.

இதற்கிடையில் எதிர்க்கரை ஊர் கிளம்பிவிட்டது. பாட்டு காற்றில் வந்து தங்கள் பக்கத்து இறாலை இழுத்துக்கொண்டு போகிறதாம். இரண்டு ஊரும் கோயில் பந்தலில் கூடின. போனை அங்கே கொண்டுபோனதால் அக்காவும் விரலோடு போனாள். போனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பார்த்துக்கொள்ள நான்.

"பாட்டு எங்க ஊரு வலைல வுழுந்துது. எங்களுக்குத்தான்" என்றார் எங்கள் தலைவர்.

"வலை உங்க ஊரு. காத்து யாரு ஊரு?" என்றார் எதிர்க்கரைத் தலைவர். அவர்களிடமும் ஏற்கெனவே ஒரு காப்பி இருந்தது. இருமலோடு. இருமலும் சேர்ந்தால்தான் பலன் என்று அவர்கள் நம்பியதால், நான்காவது பாட்டையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டு எங்கள் தலைவருக்கு லேசாகப் பெருமை வந்ததை நான் பார்த்தேன்.

குரல் உயர்ந்தது. யாரோ வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அப்போது தலைவர் வழக்கம்போல, "தே, வெரலு" என்றார். அக்கா விரலைத் தராமல் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். மொதோ நாளு எறா வந்துது. அதுக்கப்பறம் வந்துதா? யாருக்குன்னா வந்துதா?"

உண்மையில் அதற்குப் பிறகு யாருக்கும் விழவில்லை. வெளியே சொன்னால் ஊர் மானம் போய்விடும் என்று ஒவ்வொருவரும் மூடி வைத்திருந்தார்கள்.

"ஏன் வர்ல? அன்னிக்கு ஓடனது அவன் வூட்டுலேந்து நேரா வந்த பாட்டு. நீங்க கேக்கறது காப்பி. காப்பி தண்ணி நண்டு. பாக்கத்தான் நண்டு, உள்ள ஒண்ணும் இல்ல. எறாவுக்குத் தெரியாதா? எறா வேணும்னா ஒவ்வொரு ஆளும் அவங்கவங்க போன்ல, அவன் பக்கத்துக்கே போயி வுடணும். மொதல்லேந்து கடசி வரைக்கும் வுடணும். மாட்டுக்குத் தாவக் கூடாது. ரெண்டு ஊரும் வுடணும். எத்தினி பேரு வுடறாங்களோ, அத்தினிக்கு எறா."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஊர் நன்மைக்காக உணர்ச்சிவசப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தன் கையாலேயே தன் பாட்டைக் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எதிர்க்கரைப் பெரியவர் ஒருவர், "நாயமான பேச்சு" என்றார். உடனே சீட்டுக் குலுக்கி, எந்த ஊர் எந்த நாள் கேட்பது என்று முறை போட்டார்கள். இரண்டு ஊர்ப் போன்களிலும் அவன் பக்கத்தைத் திறந்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த மாதம் நான் சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

இறால் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. காற்று மாறினால் அந்தப் பருவத்தில் எப்போதும் வருவதுதான். அதைச் சொல்லி உதை வாங்க நான் தயாராக இல்லை.

மாட்டுக்காரன் முதலில் பயந்துபோனான். உலகத்தில் ஒரே ஓர் ஏரியிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி இரண்டு கரைகளிலிருந்து, விடியும் நேரத்தில் இவ்வளவு பேர் தன் பாட்டை முழுதாகக் கேட்கிறார்களே, யார் நீங்கள் என்று எழுதினான். எங்கள் பையன்கள் பதில் போட்டார்கள். மாட்டுப் படம், கும்பிடும் கை, நெருப்பு, மறுபடி மாட்டுப் படம். அடுத்த வாரம் கிடாரை விற்கவில்லை என்று எழுதினான். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கையிலிருந்த நண்டைக் கீழே போட்டுவிட்டுத் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்படி ஒரு நிம்மதி. நண்டு ஏரிக்குள் ஓடிவிட்டது, அவள் கவனிக்கவே இல்லை.

சில மாதங்களில் அவனுடைய அடுத்த ஆல்பம் வந்தது. அட்டையிலேயே மாடு. கரையில் திருவிழாதான். அக்கா தெர்மாகோல் பெட்டியை எடுத்தாள். கடைசிக்கு முந்தின பாட்டு. பெருவிரல் உள்ளங்கையில் அழுந்தியது. பிறகு முதல் பாட்டுக்குப் போனாள். அவள் முதல் பாட்டைக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எல்லாப் பாட்டிலும் மாடு கத்தியது. சரியான இடத்தில், சுத்தமாக, தாளத்தோடு கத்தியது. அவன் எங்கும் நிற்கவில்லை. மாடும் அவனும் சேர்ந்தே பாடினார்கள்.

பெட்டியிலிருந்து தலையை எடுத்தாள்.

"நெச மாடு தாளத்துல கத்தாதுப்பா" என்றாள். "தண்ணி நண்டு."

"அப்ப நீ செஞ்சது வீணாக்கா?"

"இன்னாத்துக்கு வீணு? மில்லுல மரம் அறுக்காம பாடிகினு கீறான் இல்ல, அது போதும். இவங்களுக்குப் பாடட்டும். எனுக்கு வேற எவன்னா கெடைப்பான்." சொல்லிவிட்டு நண்டுக் காலைக் கட்டினாள். வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

பிறகு நான் கடையைக் காலி செய்துகொண்டு பொன்னேரிக்கு வந்துவிட்டேன். கிளம்பும் நாளில் அக்கா இரண்டு கிலோ நண்டும், காதில் ரகசியமாக ஓர் ஆல்பத்தின் பெயரும் கொடுத்தாள். யாரோ ஒரு பெண், ஒரே ஒரு தந்தி வாத்தியத்தோடு முனகுகிற ஆல்பம். கேட்டவர் ஒருவர் என்று காட்டியது. அது அக்கா. நான் கேட்ட பிறகு இரண்டு என்று ஆனது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நண்டு மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இசை தெரியாத நான் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அதைத்தான் கேட்கிறேன். இரண்டு என்ற அந்த எண்ணைப் பார்த்தால் அக்கா பக்கத்து பெஞ்சில் இருப்பதுபோல் தோன்றும்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்தவுடனே கத்தல்.

"யாருகிட்டடா சொன்ன?"

"இன்னாக்கா?"

"மூணுன்னு காட்டுது!"

பார்த்தேன். மூன்று என்றுதான் இருந்தது. அம்மா மேல், நண்டு மேல், அந்த மாட்டின் மேல்கூடச் சத்தியம் செய்தேன். மாமா மேல் சந்தேகப்பட்டாள். மாமா பக்கத்திலிருந்து முதன்முறையாக வாய் திறந்து, தான் போனைத் தொட்டே வருடக்கணக்காகிறது என்று சொன்னது எனக்கும் கேட்டது.

கரையில் ஏலம் விடும் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப யாரும் சொல்லாமலே வந்துகீறாங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. "எந்த ஊரோ. எந்நேரமோ. தானா கையவுட்டு அடிலேந்து எடுத்துகீறாங்க நைனா."

"சந்தோசமாக்கா?"

"ம்." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு அஞ்சு பேரு வரைக்கும் வர்லாம். அதுக்கு மேல வேணாம்டா. மாடு வந்துடும்."